காணாமற்போன ஆறு கிலோமீட்டர்

(குன்றாண்டார்கோவிலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஊரில் வண்டியைப் பற்றிப் பேச வருகிறவன் முதலில் உங்கள் கோவிலைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுத்தான் வந்தேன். குன்றைக் குடைந்த கருவறை பல்லவர் காலத்தது; நந்திவர்ம பல்லவமல்லன் பெயர் அங்கே கல்லில் இருக்கிறது. அதன் முன்னால் பிற்காலத்தில் எழுப்பிய மண்டபத்தைத் தேராகவே செய்துவிட்டார்கள். சக்கரம் இருக்கிறது, இழுக்கக் குதிரை இருக்கிறது. கல்குதிரை என்பதால் கொள்ளுச் செலவு மட்டும் இல்லை. இந்த அரங்கில் வண்டி வைத்திருக்கும் எல்லோரும் பொறாமைப்படலாம்.

எனக்குத் தந்த தலைப்பு, “எரிபொருள் விலையேற்றமும் வாகன ஓட்டிகளும்”. விலை ஏறினால் வண்டி ஓட்டுகிறவர் என்ன செய்கிறார்? பொருளியல் பாடநூலில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: தேவையின் விலை நெகிழ்ச்சி. விலை பத்து விழுக்காடு ஏறினால் வாங்குவது எத்தனை விழுக்காடு குறைகிறது என்ற கணக்கு. அமெரிக்காவில் ஹியூஸ், நிட்டல், ஸ்பெர்லிங் என்ற மூவர் இதை அளந்து 2008இல் வெளியிட்டார்கள். 1975 முதல் 1980 வரை, விலை பத்து விழுக்காடு ஏறியபோது அங்கே பெட்ரோல் நுகர்வு இரண்டு முதல் மூன்றரை விழுக்காடு வரை குறைந்தது. 2001 முதல் 2006 வரை, அதே பத்து விழுக்காட்டுக்கு ஒரு விழுக்காடுகூடக் குறையவில்லை. வேலை ஓரிடம், வீடு ஓரிடம் என்று வாழ்க்கை பரந்துவிட்டால் விலை எவ்வளவு ஏறினாலும் கார் ஓடித்தான் ஆக வேண்டும்.

இந்தக் கணக்கைப் பல ஆண்டு வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான். மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள், தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினார்கள். ஓய்வு பெற்ற பிறகுதான் பெட்ரோல் பங்கில் வரிசையில் நிற்கும்போது காதைத் திறந்துவைத்துக் கேட்டேன். அங்கே யாரும் லிட்டரில் கேட்பதில்லை.

“அண்ணே, நூறு ரூபாய்க்கு.” “ஐம்பதுக்குப் போடுங்க.” கையில் கொஞ்சம் ஓட்டம் இருந்தால் “இருநூறு”. கார்க்காரர் “ஃபுல்” என்பார். இரு சக்கர வண்டிக்காரர் வாயில் லிட்டர் என்ற சொல்லை நான் கேட்டது அபூர்வம். இன்னொரு கூட்டம் “நூற்றுப்பத்துக்கு” என்று கேட்கும். முழு எண்ணாகக் கேட்டால் அளவில் கை வைத்துவிடுவார்கள் என்பது நம்பிக்கை. ஐந்து லிட்டர் அளவுக்குவளையைக் கொண்டுவரச் சொல்லி எந்த வாடிக்கையாளரும் சரிபார்க்கலாம், அதற்கு உரிமை இருக்கிறது. ஆனால் பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்கும்போது யார் கேட்பது? நூற்றுப்பத்து என்பதுதான் நம் மக்கள் கண்டுபிடித்த எடையளவுச் சட்டம்.

லிட்டரில் வாங்குகிறவருக்கு விலையேற்றம் பணமாகத் தெரியும். ரூபாயில் வாங்குகிறவருக்கு அது தூரமாகத் தெரியும். செலவு அதே நூறுதான். வண்டி மட்டும் முன்னதாக ரிசர்வுக்கு வந்துவிடும். வண்டியை இப்படியும் அப்படியும் ஆட்டி, டாங்கில் காதை வைத்து, உள்ளே சலசலப்பு கேட்கிறதா என்று பார்ப்போமே, அந்தச் சத்தம்தான் நம் ஊரின் விலைவாசிக் குறியீட்டெண்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சென்னையில் பெட்ரோல் விலை நூறைத் தாண்டியது 2021 ஜூலை தொடக்கத்தில். அன்று நூறு ரூபாய்க்கு ஒரு லிட்டர். லிட்டருக்கு அறுபது கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி என்றால், நூறு ரூபாய் என்பது அறுபது கிலோமீட்டர். 2022 ஏப்ரல் 6ஆம் தேதி சென்னை விலை 110 ரூபாய் 85 காசு. நம் பக்கம் வழக்கமாக அதைவிடச் சில காசுகள் கூடத்தான் இருக்கும், அதை விட்டுவிடுவோம். அதே நூறு ரூபாய்க்கு அந்த விலையில் 900 மில்லியை ஒட்டித்தான் விழும். வண்டி 54 கிலோமீட்டரில் நின்றுவிடும்.

ஆறு கிலோமீட்டரைக் காணவில்லை. அந்த ஆறு கிலோமீட்டர் யாருடையது? இன்று நான் பேச வந்தது இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

வேலைக்குப் போகிறவருடைய பயணம் குறையாது. இந்த ஒன்றியத்துக் கிராமங்களிலிருந்து கீரனூருக்கும், மாத்தூர் தொழிற்பேட்டைக்கும், திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் தினமும் போய்வருகிறவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். ஒரு வழி முப்பது கிலோமீட்டர் என்று வைத்தால் நாளுக்கு ஒரு லிட்டர், மாதம் 26 லிட்டர். விலை பத்து ரூபாய் ஏறினால் மாதம் 260 ரூபாய் கூடுதல். கம்பெனியில் போய், பெட்ரோல் விலை ஏறிவிட்டது, ஆகவே இந்த மாதம் 24 நாள்தான் வருவேன் என்று யாராவது சொல்ல முடியுமா? பக்கத்து ஊர் நண்பனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஆளுக்குப் பாதி போடலாம். அவனுக்கு வேறு ஷிஃப்ட் என்றால் அதுவும் நடக்காது.

பிறகு என்னதான் செய்கிறார்கள்? முதலில் வித்தை. பெட்ரோலைக் காலையில் போட்டால் குளிர்ச்சியில் அடர்த்தி கூடும் என்பது ஒன்று. நிலத்தடித் தொட்டியில் காலைக்கும் மதியத்துக்கும் சூட்டில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. காலை ஆறு மணிக்கு மாறுவது விலைதான். இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது இன்னொன்று. பழைய கார்புரேட்டர் வண்டியில் அதற்கு ஓரளவு பொருள் இருந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் பெரும்பாலான வண்டிகளில் எரிபொருளை மின்னணுக் கருவி அளந்து தெளிக்கிறது. கியரிலேயே ஆக்சிலரேட்டரை விட்டால் பல வண்டிகளில் அது தெளிப்பதை நிறுத்திவிடும். நியூட்ரலுக்குப் போட்டால் இன்ஜினை அணையாமல் வைக்கக் கொஞ்சம் தெளித்துக்கொண்டே இருக்கும். மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவு செய்கிறோம், பிரேக்கையும் தேய்க்கிறோம். முன்பெல்லாம் மெக்கானிக் ஒரு திருகாணியைக் கால் சுற்றுத் திருகி “மைலேஜ் வெச்சிருக்கேன்” என்பார். அந்தத் திருகாணி இப்போது இல்லை. காற்றழுத்தம் சரியாக இருந்தால், சங்கிலி எண்ணெயோடு இருந்தால், முறுக்காமல் போனால் கொஞ்சம் மிஞ்சும். வித்தை அவ்வளவுதான்.

அதோடு பெட்ரோலும் மாறிவிட்டது. இருபது விழுக்காடு எத்தனால் கலந்ததுதான் இப்போது வருகிறது. அந்தக் கலவைக்கென்று செய்யாத பழைய இரு சக்கர வண்டிகளில் மூன்று நான்கு விழுக்காடு மைலேஜ் குறையலாம் என்று 2021இல் நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கையே சொன்னது. எத்தனால் ஏன் வந்தது என்பது வேறு சொற்பொழிவு. ஆறு கிலோமீட்டரோடு இன்னும் இரண்டு போயிற்று என்று மட்டும் குறித்துக்கொள்வோம்.

வித்தை தீர்ந்த பிறகு வீட்டுக்குள் பங்கீடு நடக்கிறது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்வதில்லை. ஆத்தாளைக் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது “அடுத்த வாரம்” ஆகிறது. தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு மொய் மட்டும் ஆள் வழியாகப் போகிறது. மனைவி சந்தைக்குப் போக வேண்டும் என்றால், “பஸ்ஸுல போயிரு, உனக்குத்தான் டிக்கெட் இல்லையே” என்ற பதில் வருகிறது.

அந்தப் பதிலில் ஒரு வரலாறு இருக்கிறது. 2021 மே மாதம் புதிய அரசு பொறுப்பேற்ற நாளிலேயே, சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் என்று கையெழுத்தானது. அந்த ஆண்டு ஜூலையில் பெட்ரோல் நூறைத் தாண்டியது. இரண்டும் ஒரே கோடையில் வந்ததன் விளைவு, வண்டி ஆணுக்கு, பஸ் பெண்ணுக்கு என்று பல வீடுகளில் பிரிந்துவிட்டது. கட்டணமில்லாப் பயணத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. நல்ல தொகை. ஏறிப்போன பெட்ரோலுக்கு வீடு தேடிய பணத்தில் ஒரு பகுதி அந்த 888இலிருந்து வந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். இதை யாரும் அளந்து நான் பார்த்ததில்லை, வீடுகளைப் பார்த்துச் சொல்கிறேன். பஸ் வரும் நேரத்துக்குத்தான் அவளுடைய நேரம். பெட்ரோல் மிச்சமானது, அவளுடைய பொழுது செலவானது.

பெண்ணின் பொழுது என்ற பேச்சை இந்த மாவட்டத்தில் எடுத்துவிட்டு 1991ஐத் தாண்டிப் போக முடியாது. அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்ட்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. கச்சா எண்ணெய் விலை எகிறி, இங்கும் பெட்ரோலியப் பொருள்கள் மீது கூடுதல் வரி விழுந்தது. அந்தச் சமயத்தில்தான் எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வந்தது. ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார்கள். கல் குவாரிப் பெண்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராமச் செவிலியர்கள் என்று பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இங்கே வந்து பார்த்து எழுதியதை உலகமே படித்தது. பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து, குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளையே பலர் ஓட்டினார்கள். அந்தக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பது கூடுதல் வசதி.

பெட்ரோல் விலைக்காக அந்தப் பெண்கள் சைக்கிள் ஏறவில்லை. அவர்களிடம் பெட்ரோல் வண்டியே கிடையாது. அண்ணனோ கணவனோ கொண்டுபோய் விடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்காக ஏறினார்கள். முப்பது ஆண்டு கழித்து அந்தக் காத்திருப்பு பெட்ரோல் வழியாகத் திரும்பி வந்திருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அன்று ஓட்டியவர்கள் பலருக்கு இன்று மூட்டுவலி. பிளஸ் ஒன் படிக்கும் பேத்திக்கு அரசு கொடுத்த சைக்கிள் பள்ளி முடிந்ததும் திண்ணையோரம் சாய்ந்துவிடுகிறது. கல்லூரிக்கும் வேலைக்கும் இருபது முப்பது கிலோமீட்டர். சைக்கிளுக்கு எட்டாத தூரம். 2018இல் வேலைக்குப் போகும் மகளிர்க்கு ஸ்கூட்டர் விலையில் பாதி, 25,000 ரூபாய் வரை, மானியம் என்று திட்டம் வந்தது. வாங்கியவர்கள் வாங்கினார்கள். அந்த ஸ்கூட்டருக்கும் பெட்ரோல்தான்.

தட்டுப்பாடு முற்றினால் மனிதர்கள் என்னென்ன செய்வார்கள் என்பதற்குக் கடலுக்கு அந்தப்பக்கம் பார்க்க வேண்டும். 1990 முதல் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. பெட்ரோல் போகக் கூடாது. பழைய ஆஸ்டின், மோரிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெயில் இன்ஜின் குளிர்நிலையில் பற்றாது. அதனால் சின்னப் போத்தலில் கொஞ்சம் பெட்ரோலைப் பொன்போல வைத்திருந்து, துளித்துளியாக விட்டு ஸ்டார்ட் செய்துவிட்டு, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். புகையும் நாற்றமுமாகக் கார் போகும். மற்றவர்களுக்குச் சைக்கிள். மின்சாரம் இல்லாத வீட்டில் அதே சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலியை இயக்கிச் செய்தி கேட்டார்கள். 2022இல் இலங்கை முழுவதுமே பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றது. ஜூலையில் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லிட்டர், ஆட்டோவுக்கு ஐந்து லிட்டர். வேறெங்கோ படித்த தட்டுப்பாட்டுக் கதைகளைவிட இது எனக்கு நெருக்கமாகத் தெரிகிறது. நம் ஊர் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் புல்லுக்கட்டு, பால் கேன், பையன் என்று மூன்றையும் ஏற்றிப் போகிறவருக்கு “வாரம் நான்கு லிட்டர்” என்று சொல்லிப் பாருங்கள், புரியும்.

நம் பக்கத்திலும் ஒரு காலம் அப்படி இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்கு ரேஷன். பஸ்ஸின் பின்னால் உருளை போன்ற அடுப்பைப் பொருத்தி, மரக்கரியை எரித்து, அதில் வரும் வாயுவில் ஓட்டினார்கள். மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் அந்தக் கரிவாயுக் கருவியைத் தம் பெயரிலேயே செய்து விற்றார். மேட்டில் வண்டி திணறினால் பயணிகள் இறங்கித் தள்ளுவதுண்டு. கரி பஸ்ஸில் போனவர்கள் இந்த ஊரில் இன்னும் யாராவது இருந்தால், கூட்டம் முடிந்ததும் நான் அவர்களைப் பார்க்க வேண்டும்.

போராட்டமும் ஒரு பதில்தான். 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது, பீப்பாய் மூன்று டாலராக இருந்தது சில மாதங்களில் பன்னிரண்டை நெருங்கியது. இங்கும் விலை ஏறியது. அந்த நவம்பரில் வாஜ்பாய் மாட்டுவண்டியில் நாடாளுமன்றத்துக்குப் போனார். அதற்குப் பிறகு எந்தக் கட்சி எதிர்க்கட்சியாக இருந்தாலும் மாட்டுவண்டி தெருவுக்கு வந்துவிடும்; மோட்டார் சைக்கிளைக் கயிறு கட்டி இழுப்பார்கள். ஆளுங்கட்சியானதும் வண்டியை அடுத்தவரிடம் கொடுத்துவிடுவார்கள். மாட்டுக்குத்தான் ஓய்வில்லை. பிரான்சில் 2018இல் எரிபொருள் வரியை எதிர்த்து மஞ்சள் சட்டைக்காரர்கள் எழுந்தபோது, முன்னணியில் நின்றவர்கள் பாரீஸ்காரர்கள் இல்லை. கார் இல்லாமல் ரொட்டிக்கடைக்குக்கூடப் போக முடியாத சிற்றூர்க்காரர்கள். குன்றாண்டார்கோவிலில் இருப்பவருக்கு அது விளங்க மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

விலை எப்படி ஏறி இறங்குகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் விலையை 2010 ஜூனிலும், டீசல் விலையை 2014 அக்டோபரிலும் அரசு தன் கையிலிருந்து விட்டது. 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் தினசரி விலை. சந்தை விலை என்றால் சந்தை இறங்கும்போது இறங்க வேண்டும். 2020 ஏப்ரலில் அமெரிக்கக் கச்சா எண்ணெய் ஒரு நாள் பூச்சியத்துக்கும் கீழே போனது. மே மாதம் ஒன்றிய அரசு பெட்ரோலுக்கு லிட்டர் பத்து ரூபாயும் டீசலுக்குப் பதின்மூன்றும் வரியை ஏற்றியது. அதே மாதம் நம் மாநிலமும் மதிப்புக் கூட்டு வரியைக் கூட்டியது. இறங்க வேண்டிய விலை வழியிலேயே நின்றுவிட்டது. ஏறும்போது குதிரை, இறங்கும்போது ஆமை.

2021 ஆகஸ்ட்டில் தமிழ்நாட்டு நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பெட்ரோல் வரியில் மூன்று ரூபாய் குறைத்தார். மாநிலத்தில் 2.63 கோடி இரு சக்கர வாகனங்கள் இருக்கின்றன, உழைக்கும் ஏழைகள் அதிகம் பயன்படுத்துவது அதைத்தான் என்பது அவர் சொன்ன காரணம். குறைத்தபின் விற்பனை கூடியது என்றும் அரசு சொன்னது. ஊரடங்கு தளர்ந்த மாதங்கள் அவை. எவ்வளவு விலையால் கூடியது, எவ்வளவு கதவு திறந்ததால் கூடியது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

இதிலெல்லாம் வண்டிக்காரர் ஒன்றைக் கற்றுக்கொண்டார்: தேர்தல் நாள்காட்டியைப் படிப்பது. 2021 மார்ச்சிலும் ஏப்ரலிலும், நம் சட்டமன்றத் தேர்தல் நேரத்தில், விலை ஏறவில்லை. முடிவு வந்த இரண்டாம் நாள் ஏறத் தொடங்கியது. 2021 நவம்பர் தொடக்கத்திலிருந்து நான்கரை மாதம் அசையாமல் இருந்த விலை, ஐந்து மாநிலத் தேர்தல் முடிந்ததும் 2022 மார்ச் 22 முதல் பதினாறு நாளில் ஏறத்தாழப் பத்து ரூபாய் ஏறியது. அந்த மார்ச்சில் பங்கில் எனக்கு முன்னால் நின்றவர் என்னிடம், “சார், ஓட்டு எண்ணியாச்சு, ஃபுல் பண்ணிருங்க” என்றார். பாடநூலில் இதற்கு எதிர்பார்ப்புக் கோட்பாடு என்று பெயர். அவருக்கு மிச்சமானது எவ்வளவு என்று பார்த்தால், டாங்க் பத்து லிட்டர், அதிகபட்சம் நூறு ரூபாய். ஒரு தடவைதான்.

மின்சார ஸ்கூட்டர் பற்றிக் கேட்பீர்கள். ஒசூரிலும் போச்சம்பள்ளியிலும் செய்கிறார்கள். நம் மாநிலத்துச் சரக்கு. மூன்று யூனிட் மின்சாரத்தில் எண்பது தொண்ணூறு கிலோமீட்டர் போகும். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் இருக்கும் மாநிலத்தில் கணக்கு பிரமாதமாக வரும். ஆனால் வண்டி விலை லட்சத்தைச் சுற்றி நிற்கிறது. நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போடுகிறவர் ஏன் நூறுக்குப் போடுகிறார்? கையில் அன்றைக்கு நூறுதான் இருக்கிறது. தினம் நூறாகச் செலவழிக்க முடிந்தவரால் லட்சத்தை ஒரே நாளில் எடுத்துவைக்க முடியாது. விலையேற்றத்தால் அதிகம் அடிபடுகிறவரும் அதிலிருந்து தப்பிக்க வண்டி மாற்றுகிறவரும் வேறு வேறு ஆட்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு கொத்தனார் வீட்டைச் சொல்லி முடிக்கிறேன். ஊர் இந்த ஒன்றியம்தான், பெயர் வேண்டாம். ஒருநாள் விட்டு ஒருநாள் நூறு ரூபாய்க்குப் போடுவார். மூத்த பெண் டிகிரி முடித்துவிட்டு, குரூப் 4 எழுதுவதற்காகக் கீரனூருக்குத் தட்டச்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். போவது பஸ்ஸில். திரும்புவதும் பஸ்தான், ஆனால் ஏழரை மணிக்கு விலக்கில் இறக்கிவிட்டுவிடும். அங்கிருந்து ஊர் மூன்று கிலோமீட்டர், விளக்கில்லாத ரோடு. அப்பா வண்டியில் போய்க் கூட்டிவருவார். போக மூன்று, வர மூன்று.

2022 ஏப்ரலில் அவள் வகுப்புக்குப் போவது நின்றது. யாரும் போகாதே என்று சொல்லவில்லை. “ரெண்டு நாளா அப்பா லேட்டாத்தான் வந்தாரு சார், நான் விலக்குலயே நின்னேன். அப்புறம் நானே போகல” என்றாள். மே மாதம் வரி குறைந்து சென்னை விலை 102 ரூபாய் 63 காசுக்கு வந்தது. நூறு ரூபாய்க்கு 58 கிலோமீட்டர். ஆறில் நான்கு கிலோமீட்டர் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்க வேண்டும். அதற்குள் கொத்தனார் சற்றுத் தள்ளியிருந்த ஒரு வேலையை ஒப்புக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் தட்டச்சுத் தேர்வுக்கு அவள் விண்ணப்பம் போடவில்லை.